பழசு முன்னால், புதுசு பின்னால்

பள்ளி நூலகத்தில் தொண்டூழியர் என்றால், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு "சத்தம் போடாதே!" என்று சத்தம் போடுகிற வேலை என்றுதான் நம்பியிருந்தேன். பெற்றோர் வாட்சப் குழுவில் ஆள் கேட்டதும் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தது அதனால்தான். ஜார்ஜ்டவுனில் நான் படித்த அதே தமிழ்ப்பள்ளி. இப்போது என் மகள் அங்கே நான்காம் ஆண்டு.

சனிக்கிழமை போனால், நாற்காலியைக் காணோம். பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள். நூலகப் பொறுப்பாசிரியை நிலைமையைச் சொன்னார். பல மாதம் பூட்டிக் கிடந்த அறை அது. திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் தலைமையாசிரியர் வந்து பார்ப்பார். பிள்ளைகள் புத்தகம் எடுத்தால் நூலகம் பிழைக்கும். இல்லாவிட்டால் உடைந்த மேசைகள் போட்டு வைக்கிற ஸ்டோர் ஆகிவிடும்.

"அண்ணே, எனக்குச் சொந்தத்துல ஒரு கல்யாணம். இப்பவே கிளம்பணும். நீங்க அடுக்கிருவீங்கதானே?"

"டீச்சர், நான் புக்கிட் தெங்கா ஃபேக்டரில பதினெட்டு வருஷமா ஸ்டோர்கீப்பர் லா! கவலைப்படாம போயிட்டு வாங்க."

பாட்டுப் பாடிக்கொண்டே அடுக்கினேன். எங்கள் ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால். பழசு முதலில் வெளியேறினால்தான் தேங்காது. அதன்படி, நன்கொடையாக வந்த பளபளப்பான புத்தகங்களை எல்லாம் பின்வரிசையில் ஒளித்துவிட்டு, அட்டை கிழிந்த மஞ்சள் பழசுகளை முன்னால் அணிவகுத்து நிறுத்தினேன். பெருமையோடு படம் பிடித்து ஆசிரியைக்கும் அனுப்பினேன்.

மறுநாள் அவர் அழைத்தார்.

"அண்ணே, புதுப் புத்தகமெல்லாம் எங்க?"

"பின்னால இருக்கு டீச்சர். பழசு மொதல்ல போகணும்ல?"

"இது என்ன ரொட்டியாண்ணே, வச்சிருந்தா கெட்டுப்போக?"

 மனசைத் தேற்ற, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போய் நாசி கண்டார் சோறும் கறியும் சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது, மனசு தேறவில்லை. காய்ச்சல் என்று சொல்லலாமா? மகளைச் சீனப்பள்ளிக்கு மாற்றிவிடலாமா? மகளோ, "பா, நாளைக்கு ஸ்கூல்ல என்னைத் தெரியாத மாதிரி இருங்க" என்றாள்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரே ஒரு தட்டை மாற்றுவதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பழசுகளைப் பார்த்தார்கள். முகங்கள் சுருங்கின. பின்னாலேயே ஆசிரியையும் தலைமையாசிரியரும். நான் அலமாரிக்குப் பின்னால் நின்று, இல்லாத தூசியைத் துடைத்தேன்.

அப்போது ஒரு சிறுமி சும்மா இழுத்த புத்தகத்திலிருந்து ஓர் அட்டை விழுந்தது. எங்கள் காலத்தில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு காகிதப் பை இருக்கும். எடுப்பவர் அதிலுள்ள அட்டையில் பெயரும் வகுப்பும் எழுத வேண்டும்.

"டீச்சர்! எங்கம்மா பேரு!"

அவ்வளவுதான். அலமாரிகள் மேல் பாய்ந்தார்கள்.

"இதுல எங்க சித்தப்பா!"

"எங்கப்பா பேரைக் காணோமே டீச்சர், அவரு படிக்கவே இல்லையா?"

தலைமையாசிரியரும் இந்தப் பள்ளியில் படித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கீழ்த்தட்டின் முன் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கோ விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. தெரியாத மாதிரி இருக்கச் சொன்ன என் மகளே ஓடி வந்தாள்.

"பா, இங்க பாருங்க! கோழி வளர்ப்புப் புத்தகத்தை அஞ்சு தடவ எடுத்திருக்கீங்க!"

"நல்ல புத்தகம்மா."

"இந்த லைப்ரரியையே படிச்சு முடிச்சேன்னு வீட்டுல சொன்னீங்களே?"

எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்.

ஓய்வு நேரம் முடியும்போது முன்வரிசையில் பாதி காலி. அந்த வாரக் கடைசிக்குள் பின்வரிசைப் புதுசுகளையும் பிள்ளைகள் தோண்டி எடுத்துவிட்டார்கள். அந்த அறை இன்றும் நூலகமாகத்தான் இருக்கிறது. நான் சனிக்கிழமைகளில் போய்ப் புத்தகங்களுக்கு மேலட்டை போடுகிறேன். அடுக்கும் வேலையை மட்டும் ஆசிரியை எனக்குக் கொடுப்பதில்லை.