பட்டுச்சேலையோடு வந்தவள்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் சனிக்கிழமைகளில் இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கிறோம். அரிசி, பருப்பு, டின்மீன், பிள்ளைகள் இருந்தால் பால்மா. பெயர்ப் பட்டியலோடு வாசலில் நிற்பது என் வேலை.

குளிர் தொடங்கியபோது அவளும் வரத் தொடங்கினாள். இரண்டு பிள்ளைகளின் தாய். தொழிற்சாலையில் முதுகு போய்க் கணவன் வீட்டோடு இருந்தான். இவள் ஏஜென்சி மூலம் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனாள். விடியற்காலை அவர்கள் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. வந்ததெல்லாம் வாடகைக்கே போய்விடும். இவ்வளவையும் படிவத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன். ஆனாலும் ஒவ்வொரு சனியும் குளிர்க்கோட்டுக்குக் கீழே பட்டுச்சேலைக் கரை மினுங்க அவள் வரும்போது எனக்கும் மனதுக்குள் ஒரு மாதிரித்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பொறுப்பாக இருந்த அங்கிளுக்கு யூனியன்வில்லில் பெரிய வீடு. ஒரே ஒரு பையோடு வந்து இறங்கி, இரண்டு வேலை செய்து முன்னேறிய கதையைப் பருப்பு நிறுக்கும்போதெல்லாம் சொல்வார். முன்னேறாதவர்கள் உழைக்கப் பஞ்சிப்பட்டவர்கள் என்பது அவருடைய முடிவு. அந்தக் காலத்தில் பார்க்டேலில் எட்டுப் பேர் ஒரே அபார்ட்மெண்டில் படுத்து வாடகையைப் பங்கு போட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அந்த வாடகைக்கு யார் வீடு தருவார்கள்? காலையில் ஒரு போன் வராவிட்டால் வேலையே இல்லை என்பவள் எந்த இரண்டாவது வேலைக்குப் போவாள்? அதைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு சனி, வரிசையில் எல்லோரும் நிற்கும்போதே அவர் அவளிடம் போய், "பிள்ளை, உந்தச் சீலையோட வந்து சாப்பாட்டுக்கு நிண்டால் சனம் என்ன நினைக்கும்? உண்மையா இல்லாத ஆக்களுக்கெல்லோ நாங்கள் குடுக்கிறம்" என்றார்.

அவள் முகம் சிவந்துபோனது. குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "எங்கட பில்டிங்கில முழுக்க எங்கட ஆக்கள், அங்கிள். சீலை உடுத்தால் கலியாண வீட்டுக்குப் போறன் எண்டு நினைப்பினம். என்ர பிள்ளையளை ஒருத்தரும் பள்ளிக்கூடத்தில நக்கல் அடிக்கக் கூடாது."

அவர் தலையை ஆட்டிவிட்டு அப்பால் போனார். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே சரி போட்டேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். ஞாயிறு பூசையில் பட்டுடுத்தி முன்வரிசையில் இருக்கும் எங்களை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. வீட்டில் அரிசி இல்லாதவள் மட்டும் அதைக் கிழிந்த உடுப்பில் காட்ட வேண்டுமாம்.

அடுத்த சனி அவள் சாயம்போன ஜாக்கெட்டும், முழங்காலில் நைந்த காற்சட்டையுமாக வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. அங்கிளுக்குப் பரம திருப்தி. தானே உள்ளே போய் இன்னொரு அரிசிப் பை கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, "உப்பிடி வந்தால் எங்களுக்கும் விளங்கும்தானே" என்றார்.

அவள் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இப்ப பாத்தால் இல்லாதவள் மாதிரி இருக்கோ?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்று தன் வீட்டிலிருந்து கீழே இறங்கும்போது லிப்டில் யார் யார் நின்றார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.