எண்ணெயோடு தீவுக்குப் போன நாள்

போன சீசனில் சென்னையிலிருந்து என் கல்லூரி நண்பனும் அவன் மனைவியும் குற்றாலத்துக்கு வந்தார்கள். எண்ணெய் தேய்த்துத்தான் அருவியில் நிற்பேன் என்று அவன் போனிலேயே சொல்லியிருந்தான். காலையில் அருவிக்கரையில் ஒருவர் அவனை உட்காரவைத்துத் தலையிலிருந்து பாதம் வரை தட்டித் தேய்த்தார். அவன் எழுந்திருக்கும்போது போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார். மலைமேல் மழை. அருவி செம்மண் நிறத்தில் விழுந்தது. குளிக்கத் தடை.

வீட்டில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வேறெங்காவது போவோம் என்றேன்.

“ஏலே, ஒன் வீட்டு பாத்ரூம்ல குளிக்கதுக்கா சென்னைல இருந்து வந்தேன்? கொல்லத்துக்கு வண்டிய விடு. அங்க தீவு இருக்குன்னு ஒம் மக சொன்னால்லா. உப்புத்தண்ணில எண்ண தானா போயிரும்.”

போகாது என்று தென்காசிக்காரனான எனக்குத் தெரியும். ஆனால் விருந்தாளியிடம் எவ்வளவு வாதாடுவது? பின்சீட்டில் பழைய வேட்டியை விரித்து அவனை உட்காரவைத்தேன். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று மூன்று மணி நேரம் காருக்குள் எண்ணெய் வாடை.

முன்சீட்டில் என் மகள் இருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அவளுக்கு நான் சொல்லாத நாள் குறைவு. அன்றும் வழியில் இரண்டு முறை சொன்னேன். சரிப்பா, சரிப்பா என்றாள்.

தீவு என்று சொன்னாலும் அது கடல் காயல் என்கிற உப்பங்கழிக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீருக்கடியில் கிடக்கும் மணல்திட்டுதான். முழங்கால் நீரில் நின்றுகொண்டே தோணிக்காரர்களிடம் கல்லுமக்காய்ச் சிப்பி வறுவல் வாங்கித் தின்னலாம். மிதவைச் சட்டைகளைக் கழற்றிப் படகிலேயே போட்டுவிட்டு இறங்கினோம். நண்பன் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். வெயிலில் அவன் முதுகு மினுங்கியது.

அவன் மனைவி போட்டோ எடுத்தாள். “என்னங்க, இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க.”

போனான். இரண்டாவது அடியில் ஆளைக் காணோம். திட்டு அங்கே முடிந்து, படகுகள் போகிற பள்ளம் தொடங்கியிருந்தது.

தலை ஒருமுறை மேலே வந்தது. பக்கத்தில் நின்ற நான் பாய்ந்து அவன் முழங்கையைப் பிடித்தேன். விலாங்கு மீன்போல நழுவியது. மணிக்கட்டைப் பிடித்தேன். அதுவும் நழுவியது. என் உள்ளங்கையில் எண்ணெய்தான் மிஞ்சியது. எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் அருவியில் சறுக்கினால் எங்கள் ஊரில் கையைப் பிடிக்க மாட்டார்கள், இடுப்புத் துணியைத்தான் பிடிப்பார்கள். ஐம்பது வருடமாகப் பார்த்த விஷயம். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

“யப்பா, தள்ளுங்க. துண்டப் பிடிக்கணும்.”

மகள் என்னைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போனாள். நடந்து போகவில்லை, நீந்திப் போனாள். அவனுக்கு முன்னால் போகாமல் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் வந்தாள். துண்டின் முறுக்கை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறுகையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அவனைத் திட்டுக்குக் கொண்டுவந்தாள். எண்ணினால் ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அவன் மண்டியிட்டு உப்புநீரைக் கக்கினான். மனைவி அவன் தலையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, “நான்தானே பின்னாடி போகச் சொன்னேன்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். படகுக்காரர் ஓடிவந்து அவன் தோளைத் தொட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார்.

“எண்ண தேச்சிட்டாணோ சாரே காயல்ல இறங்ஙியது?”



கரைக்கு வந்த பிறகுதான் மகளிடம் கேட்டேன். “ஏட்டி, நீச்சல் எங்க படிச்ச?”

“இலத்தூர்ல. பிரெண்ட் வீட்டுத் தோட்டக் கெணத்துல. அவ அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க.”

“சேந்து படிக்கப் போறோம்னுலா சொல்லிட்டுப் போவ?”

“இதுவும் படிச்சதுதானப்பா. சொன்னா விட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டேன். இரண்டு வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறாள். அந்த ஏமாற்று இல்லையென்றால் நண்பனின் மனைவியைத் தனியாக நான் எப்படிச் சென்னைக்கு அனுப்பியிருப்பேன்? நண்பன் இன்னொரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். “ஏல, ஒம் மக ஒன்ன மாதிரி இல்ல. தப்பிச்சேன்.” ஒரு தகப்பனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்குமா, தெரியவில்லை.

இன்றும் எதையாவது பிடிக்கும்போது, கை வழுக்கினால் உடம்பு ஒருமுறை தூக்கிப்போடுகிறது. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. ஆபீசில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை நிறுத்திவைத்துச் சொன்னேன். போன வாரம் ஒரு உறவினரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப்பார்த்தாள்.

“யப்பா, ஒவ்வொரு தடவையும் ஆழம் கூடிக்கிட்டே போகுது. போன மாசம் ரெண்டாள் ஆழம். இப்போ பனமர ஆழமா?”

அதனால் இங்கே சரியாக எழுதிவைக்கிறேன். அவளே சொன்ன கணக்கு இது: காலை ஊன்றினால் அவளுக்குத் தலைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர். அவ்வளவுதான். அது போதும் என்றுதான் எனக்கும் படுகிறது.