கஞ்சியில் உப்பில்லை என்று சொன்ன நாட்கள்

நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னவர்கள். மூத்தவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. இளையவனுக்கு அந்தப் பல்லை வாங்கி ஓட்டின்மேல் எறிகிற வேலை. கொரோனாக் காலம் என்றால் பள்ளிக்கூடம் இல்லாத காலம், உங்கள் பெரிய அக்கா ராத்தா மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிய காலம், அவ்வளவுதான் உங்களுக்கு நினைவிருக்கிறது. போன வாரம் இளையவன் கேட்டான்: "வாப்பா, ராத்தா நம்மகிட்ட பிணங்கித்தானே மாடிக்குப் போனா?"

அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சவுதியில் இருந்தபோது உங்கள் உம்மாவுக்கு எழுதிய கடிதங்களைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் ராத்தாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

ராத்தா அப்போது திருநெல்வேலியில் கணிதம் இரண்டாம் வருடம். இரண்டாவது அலை வந்து ஹாஸ்டலைப் பூட்டினார்கள். அது நோன்பு மாதம். மார்த்தாண்டம் பஸ் நிலையத்துக்கு நான் பைக்கில் போய் நின்றேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் பின்வாங்கினாள்.

"நானே வச்சுக்கிடுகேன் வாப்பா. பைய நமக்கு நடுவுல வைக்கேன்."

தேங்காய்ப்பட்டணம் வந்து சேரும்வரை எங்களுக்கு நடுவில் அந்தப் பை இருந்தது. வீட்டு வாசலில் உம்மா ஓடி வந்தாள். ராத்தா வெளிக்குழாய்ப் பக்கம் நின்றுகொண்டு, "உம்மா, அங்கேயே நில்லுங்கோ. பதினாலு நாளு நான் மேல இருக்கேன்" என்றாள். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். வெளிப்படிக்கட்டு வழியாக, பூச்சு வேலை முடியாத அந்த மாடி அறைக்குப் போய்விட்டாள்.

உங்கள் உம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. மழைக்காலத்தில் மூச்சு இழுப்பதை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். ஊரில் யாருக்கு நோய் வந்தாலும் எனக்கு அந்த மூச்சுதான் முதலில் நினைவுக்கு வரும். ராத்தாவின் பயமும் அதுதான். ஆனால் அதை அவள் சொன்ன விதம் எனக்குக் கசந்தது.

நம் வீட்டில் நோன்பு திறப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பின்முற்றத்தில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்து, ஐந்து பேரும் அந்த ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்காருவோம். அவரவர் பக்கத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். நல்ல மீன் துண்டு கையில் பட்டால் அடுத்தவர் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவதும் அந்த வருடம் நின்றுபோயிருந்ததால், கஞ்சியும் வீட்டில்தான். ராத்தா தன் பங்கைக் கூடையில் இழுத்துக்கொள்வாள். ஆனாலும் சஹனில் அவள் பக்கத்தை உம்மா காலியாகத்தான் விடுவாள். நானும் பழக்க தோஷத்தில் ஒரு துண்டை அந்தப் பக்கம் தள்ளுவேன். சாப்பிட்டு முடிந்த பிறகும் அது அங்கேயே கிடக்கும்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கட்டின் கீழே நின்று சத்தம் போட்டேன்.

"காய்ச்சலும் இல்ல, இருமலும் இல்ல. காலேஜுல படிச்சா உம்மாக்க கைகூட உனக்கு அழுக்காவுமா?"

அவள் மேல்படியில் வந்து உட்கார்ந்து சொன்னாள். ஹாஸ்டலில் அவள் அறையில் ஒரு பிள்ளைக்கு மணம் தெரியாமல் போயிற்றாம். வார்டனிடம் சொன்னால் தனியே போட்டுவிடுவார்கள், பரீட்சை எழுத முடியாது என்று அறையில் இருந்த நாலு பேரும் மறைத்திருக்கிறார்கள். நாலு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அப்படியே ஊருக்குப் போனாள். இப்போது அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் வைத்துப் படுத்திருக்கிறாள்.

"அவகிட்ட சொல்லாத சொல்லாதண்ணு சொன்னதுல நானும் உண்டு வாப்பா. எனக்க உம்மாக்கு இளைப்புண்டுண்ணு எனக்குத் தெரியாதா?"

நான் பைக்கை எடுத்துக்கொண்டு, வியாபாரத்துக்கு மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போய்விட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைகளின் வழக்கம் எனக்குத் தெரிந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு பொருளை மோந்து பார்த்து அதன் பெயரை எழுத வேண்டும். சோப்பு, காப்பித்தூள், வேப்பிலை. மணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும், யாரும் யாரையும் ஏசக் கூடாது. ராத்தா தினமும் எழுதினாள். வகுப்பு போனில்தான். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மணிக்கணக்காக நிற்பாள். சாயங்காலம் மாடியில் நூறு சுற்று நடப்பாள். கீழே நீங்கள் இரண்டு பேரும் எண்ணுவீர்கள், வேண்டுமென்றே தப்பாக.

இனி நான் செய்த தப்பு.

நோன்பு இருபது தாண்டிய சமயம். கஞ்சி சப்பென்று இருந்தது. "உப்பு போடல்லியா?" என்று உம்மாவிடம் கேட்டேன். நோன்பு வைத்துக்கொண்டு சமைக்கிறவள் உப்புப் பார்க்க முடியாது, கைக்கணக்குதான். அதனால் அந்த மாதத்தில் உப்பு கூடுவதும் குறைவதும் எல்லா வீட்டிலும் உள்ளது. யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மறுநாளும் சப்பென்றிருந்தது. "இன்னைக்கும் மறந்துட்டியா பிள்ளே?" என்று கேலி செய்தேன். அவள் முகம் சுருங்கியது. மூன்றாம் நாள் அவள் ஒரு கை கூடுதலாகப் போட்டாள். எனக்கு அப்போதும் சப்பென்றுதான் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் முகத்தைச் சுளித்ததை நான் பார்த்தேன். பிள்ளைகள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பகலில் வாய்க்கு ஒன்றும் கொடுக்காத மாதத்தில், வாயில் ருசி போனது எனக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மூக்கை வைத்து மீன் வாங்குகிறவன் நான். கருவாட்டுக் களத்தைத் தாண்டிப் போகும்போது மணமே இல்லாததை அன்று காலையில் கவனித்தும், காற்று திரும்பி அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேலிருந்து குரல் வந்தது. "உம்மா, கஞ்சி உப்புக் கரிக்குதே. வாயில வைக்க ஒக்கல்ல."

"உனக்க வாப்பாக்கு இதும் போதாதாம்" என்றாள் உம்மா.

ராத்தா உங்கள் இரண்டு பேரையும் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டு ஏதோ குசுகுசுத்தாள். நீங்கள் சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் ஓடினீர்கள். திரும்பி வந்து என் கண்ணைப் பொத்தினீர்கள். ஒரு துணிப் பொட்டலம் என் மூக்கின் அடியில் வந்தது.

"இது என்னது, சொல்லுங்கோ வாப்பா."

நான் நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பெருநாள் நெருங்குகிறதே, பலகாரச் சாமானாக இருக்கும் என்று, "ஏலக்கா" என்றேன்.

நீங்கள் இரண்டு பேரும் பாயில் உருண்டு சிரித்தீர்கள். துணிக்குள் இருந்தது சாளைக் கருவாடு. உம்மாவும் முதலில் சிரித்தாள். மாடியில் மட்டும் சிரிப்பில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ராத்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன நாளா வாப்பா?"

"மூணு நாளு" என்றேன்.

மூன்று நாளும் நான் அந்தச் சஹனில்தான் கை வைத்திருந்தேன். எனக்கு நேர் எதிரே உங்கள் உம்மா.

அடுத்த கால் மணி நேரத்தில் வீடு தலைகீழாக மாறியது. ராத்தாவுக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அதற்கு நாலு நாள் முன்பு அரசு ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. "நீங்க மேல போங்கோ. நான் கீழ வாரேன்" என்றாள். போகும்போது அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். நான் தலை குனிந்துகொண்டு போனேன்.

எனக்கு நோய் என்று மறுநாள் பரிசோதனையில் தெரிந்தது. மீன் வியாபாரம் நின்றது. எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நாலாம் நாள் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அந்த நாட்களைப் பற்றி உங்களுக்கு நினைவில்லாதது நல்லது. ராத்தா மாஸ்க்கோடு உம்மாவின் பக்கத்தில் இருந்தாள். ஜன்னலெல்லாம் திறந்து வைத்தாள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்துத் படிக்கட்டின் கீழே வந்து எனக்கு எண்ணைச் சொல்வாள். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றுநாலு. அதற்குக் கீழே போனால் உடனே கொண்டு வரச் சொல்லியிருந்தார் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். தெருமுனையில் ஆட்டோ தயாராக நின்றது. உம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, ராத்தா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மணிக்கும் எண்ணை நோட்டில் எழுதினாள். நான் மேலே நின்று, அவள் சொல்லும் எண்ணுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றுநாலு, தொண்ணூற்றுநாலு, மறுபடியும் தொண்ணூற்றுநாலு. இரண்டாம் நாள் மத்தியானம் அவள் எண்ணைச் சொல்லவில்லை. "வாப்பா, உம்மாக்கு சாயா வேணுமாம்" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெருநாள் எனக்கு மாடியிலேயே போயிற்று. கூடையில் நெய்ச்சோறு வந்தது. சாப்பிட இடம் பார்த்து அந்தச் சின்ன ஜன்னலின் அருகே உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். நாம் பாய் விரிக்கிற பின்முற்றம் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. கீழே ஆளுக்கொரு தட்டோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தீர்கள். சஹன் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பன்னிரண்டு நாள் அவள் இந்த இடத்தில்தான் சாப்பிட்டிருக்கிறாள். அவள் தலையணை கிடந்த இடம்கூட ஜன்னலோரம்தான்.

போன் போட்டேன். "மக்களே, நீ தினமும் இதுவழியாத்தான் பாத்துட்டு இருந்தியா?"

"பின்ன? எனக்க பக்கம் நீங்க தள்ளி வச்ச துண்ட எல்லாம், நீங்க எழும்பிப் போன பெறவு இளையவன் தின்னத நான் பாத்தேன். ஒரு நாளு கூட மிச்சம் வைக்கல்ல, கள்ளன்."

"நான் அண்ணைக்கு ஏசினதுக்கு…" என்று தொடங்கினேன்.

"சோறு ஆறிப்போவும். தின்னுங்கோ" என்றாள்.

எல்லாருக்கும் சுகமாகி, குறித்த நாட்களும் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் உம்மா சஹனை எடுத்துத் துடைத்தாள். அந்தப் பிள்ளையின் அம்மாவும் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அன்றுதான் ராத்தாவின் குழுவில் செய்தி வந்திருந்தது. சோறும் வாவல் மீன் குழம்பும். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தோம். ராத்தா தன் பக்கத்தில் கையை வைக்கக் கொஞ்சம் தயங்கினாள். உம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சோற்றில் வைத்தாள்.

நாலு வாய் போன பிறகு உம்மா கேட்டாள், "உப்பு செரியா இருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். செரியாத்தான் இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ராத்தா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியல்ல" என்றேன். "மணமும் இன்னும் வரல்ல."

அவள் என் முன்னால் இருந்த மீன் துண்டை எடுத்தாள். மூக்கின் அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"நல்ல மீனு வாப்பா" என்று திரும்ப என் பக்கம் வைத்தாள்.