துரை சீமைக்குப் போன கதை

மலேசியாவில் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் இருக்கும் நல்லசாமியின் குடும்பம் இதுவரை நான்கு துரைகளை வளர்த்திருக்கிறது. நான்கும் நாய்கள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் நல்லசாமியின் அப்பா அப்பளசாமி. ரப்பர் காலத்து ஆள். வெள்ளைக்காரத் துரை வந்தால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நாயைக் கூப்பிட்டு, “தொரை, இங்க வாடா! தொரை, குந்துடா!” என்று ஆணை போடுவார். நாய் குந்தும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மனுஷன் நாளெல்லாம் மரம் சீவினாரோ என்னவோ. அப்பளசாமி போனார், துரைமார் போனார்கள், ரப்பரும் போய்ச் செம்பனை வந்தது. அந்த வீட்டு நாய்க்கு மட்டும் பெயர் மாறவில்லை.

நல்லசாமிக்கு இந்த வேடிக்கையில் அப்பாவை விடக் காரணம் அதிகம். அவர் அதே லயத்தில் பிறந்தபோது, பிறப்பைப் பதிய ஒரு கடிதம் வேண்டும், அதில் துரை கையெழுத்துப் போட வேண்டும் என்று தோட்டத்து எழுத்தரான கிராணி சொன்னாராம். அப்பளசாமி போய்க் கேட்டார். “தொரை சீமைக்குப் போயிருக்காரு, வந்ததும் பாக்கலாம்” என்றார் கிராணி. துரை லீவு முடிந்து வந்தாரா, வேறு துரை வந்தாரா, யாருக்கும் தெரியாது. கையெழுத்து வரவே இல்லை. பிறப்புச் சான்று இல்லாத பிள்ளை வளர்ந்து, இருபத்தைந்து வருஷம் செம்பனைக் குலை வெட்டி, கழுத்துத் தேய்ந்து, இப்போது உரக் கிடங்குக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறது. சட்டைப் பையில் இருப்பது சிவப்பு ஐசி, அடையாள அட்டை. அதற்கு அர்த்தம், இந்த ஆள் இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை. பாஸ்போர்ட்டும் கிடையாது. சான்றோடு பிறந்த மனைவிக்கும் மகளுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

குடியுரிமைக்கான நீல ஐசி கேட்டு மூன்று தடவை எழுதிப் போட்டு மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டது. நான்காவதாகப் போட்டதற்கு நேர்முகம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மான்செஸ்டரில் நர்ஸாக இருக்கும் மகள் குமுதா வயிற்றில் பிள்ளை தங்கியது.

“அம்மா, நீங்க பிரசவத்துக்கு வந்துடுங்க. ஆறு மாசம் இருக்கணும்” என்றாள் போனில். பிறகு கொஞ்சம் தயங்கி, “வரும்போது தொரையையும் கொண்டு வந்துடுங்கம்மா. அவன் இல்லாம எனக்கு என்னமோ மாரி இருக்கு லா. காச நான் அனுப்புறேன்” என்றாள்.

“அப்போ நானு?” என்று கேட்டார் நல்லசாமி.

“நீல ஐசி கெடைச்சா அடுத்த ஃப்ளைட்டே டிக்கெட் போடுறேன்பா” என்றாள் மகள். குரல் உடைந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்!

வந்து சேர்ந்தார் ஏஜெண்டு புனிதன். போன வருஷம் வரைக்கும் பாசிர் பெனம்பாங்கில் இறால் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தவர். இறாலுக்கும் சுகாதாரச் சான்று வேண்டும், நாய்க்கும் சுகாதாரச் சான்று வேண்டும், இறால் கடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தொழிலை மாற்றிக்கொண்டவர். வீட்டுக்குள் வந்ததும் துரையைச் சுற்றி வந்து, தோல் தட்டிப் பார்த்து, கிலோ எவ்வளவு இருக்கும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டார். பழக்க தோஷம்.

“கழுத்துல சிப்பு வைக்கணும். வெறிநாய் ஊசி போடணும். ரத்தம் எடுத்து வெளிநாட்டு லேப்புக்கு அனுப்பணும். அப்பறம் சர்ட்டிபிகேட்டு” என்றார்.

அந்தச் சர்ட்டிபிகேட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமே! தாளுக்குத் தனிக் காசு. அதில் டாக்டர் போடும் கையெழுத்துக்குத் தனி. அந்தக் கையெழுத்து டாக்டருடையதுதான் என்று இன்னொரு ஆபீஸ் முத்திரைச் சாப்பு குத்தத் தனி. சாப்புக்கு வரிசையில் நிற்கும் ஆளுக்குத் தனி. வரிசையில் நிற்கும் ஆள் யார் என்றால், அதுவும் புனிதன்தான். கூண்டு, விமானம் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் நல்லசாமியின் மனைவி லெட்சுமி பிடித்திருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“இருவத்திரெண்டாயிரம் வெள்ளியா? ஏன் தம்பி, நாயி சீட்டுல குந்திக்கிட்டா போவுது?”

“கார்கோலதான்க்கா.”

“எனக்கு டிக்கெட்டு நாலாயிரம்தானாம். பேசாம எனக்கு ஒரு சிப்பு வச்சி என்னையும் நாயின்னே எழுதிடு. மரியாதையாச்சும் கெடைக்கும்.”

இருந்தாலும் மகள் அனுப்பிய காசு. ஆக வேண்டியது ஆகட்டும் என்று கோல சிலாங்கூரில் இருக்கும் கிளினிக்குக்குத் துரையை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார் நல்லசாமி. டாக்டர் மாலா சின்ன வயசுப் பெண், தங்கமான பெண். “பேரு?” என்றாள்.

“தொரை.”

“பொறந்த தேதி?”

“தெரியாதும்மா. குலை லோரி போற ரோட்டோரம் சாக்கடையில கெடந்துச்சு. எம் மகதான் தூக்கியாந்தா.”

“பரவால்ல அங்கிள்” என்று டாக்டர் துரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு வருஷத்தையும் மாதத்தையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சாப்பு குத்தினாள். முடிந்தது. சாக்கடையில் கிடந்த ஜீவனுக்குப் பிறந்த தேதி வந்துவிட்டது.

நல்லசாமி அந்த ஈரம் காயாத சாப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து, பொய்ப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாயை ஆவென்று திறந்தார்.

“என்ன அங்கிள்?”

“எம் பல்லையும் பாத்து எழுதிக் குடும்மா. கடவாப்பல்லு நாலு சொந்தப் பல்லுதான்.”

டாக்டர் சிரித்தாள். அவர் வாயை மூடவில்லை. சிரிப்பு மெல்ல நின்றது. “நான் பிராணிங்களுக்குத்தான் எழுத முடியும் அங்கிள்” என்றாள்.

“அதான் பாக்குறேன். பிராணியா பொறந்திருக்கலாம்.”

துரையின் கதை அதோடு முடிந்ததா? எங்கே! இங்கிலாந்துக்காரர்கள் மலேசிய நாய்களுக்கென்றே கூடுதலாக ஒரு தாள் கேட்கிறார்கள் என்று புனிதன் வந்து நின்றார். முன்னொரு காலத்தில் இங்கே பன்றிப் பண்ணைகளில் நிப்பா நோய் வந்தது அல்லவா, அதற்காக. நாய் இரண்டு மாதமாக எந்தப் பன்றியோடும் பழகவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம், ரத்தத்தில் அந்த நோய் இல்லை என்று லேப்பும் சொல்ல வேண்டுமாம்.

இதைக் கேட்டு லெட்சுமி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. துரைக்கு வாழ்க்கையில் வேறு வேலையே கிடையாது. விடிந்ததும் செம்பனைக்குள் புகுந்து காட்டுப்பன்றியைத் துரத்துவான். வெயில் ஏறியதும் பன்றிகள் சேர்ந்து அவனைத் துரத்தும். தோட்டத்து இளவட்டங்கள் வேட்டைக்குப் போனால் முதலில் விசில் அடிப்பதே துரைக்குத்தான்.

“அப்போ பன்னிக்கறி ஆக்குனா அதுவும் பழக்கந்தானா?” என்று கேட்டாள் லெட்சுமி.

“வேணாங்க்கா. ரெண்டு மாசத்துக்கு வாசனகூட வேணாம்” என்றார் புனிதன்.

துரை சங்கிலிக்கு வந்தான். கோழி மட்டும் தின்றான், நாளெல்லாம் ஊளையிட்டான். நல்லசாமி உரக் கிடங்குக்குப் போகும்போது அவனையும் கையோடு கூட்டிப்போய்ப் பக்கத்தில் கட்டிப் போட்டார். “நீ போயிட்டா இந்தக் கெடங்குல எனக்கு யாருடா இருக்கா? பெருசா கெளம்பிட்டான் சீமைக்கு” என்று திட்டிக்கொண்டே தன் ரொட்டி சானாயில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பார்.

இரண்டு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது சங்கிலி அறுந்தது. துரை பாய்ந்தான். இவர் பின்னால் ஓடினார். ஓடிப் போய்ப் பார்த்தால், வாய்க்கால் சேற்றில் ஒரு தாய்ப்பன்றி, ஆறேழு குட்டிகள், நடுவில் துரை. பழகவில்லையா? சம்பந்தம் பேசி முடித்த மாதிரி சேற்றில் புரண்டுகொண்டிருந்தான்.

வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று வாளித் தண்ணீர் ஊற்றினார். லெட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஆரம்பத்திலிருந்து இன்னொரு இரண்டு மாதம். குமுதாவுக்கு அதற்குள் குழந்தையே பிறந்துவிடும். சொல்லாமலிருந்தால் துரை போய்விடுவான். நல்லசாமிக்கு ஒரு நிமிஷம் ஆசை தட்டியது. புனிதனுக்கு ஒரு போன் போட்டால் போதும், நாய் இங்கேயே கிடக்கும். ஆனால் போனில் உடைந்த அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

“ரத்தத்துல நோயில்லன்னு லேப்புக்காரனே சொல்லிட்டான்ல” என்று முனகிக்கொண்டே கிளினிக்குக்குப் போனார். டாக்டர் நீட்டிய தாளில் நாய் இந்த நாட்டில் பிறந்தது, இந்த நாட்டை விட்டு வெளியே போனதில்லை, இரண்டு மாதமாகப் பன்றியோடு பழகவில்லை, இதெல்லாம் சத்தியம் என்று இருந்தது. கீழே கோணல்மாணலாக ‘நல்லசாமி த/பெ அப்பளசாமி’ என்று கையெழுத்துப் போட்டார். டக்கென்று விழுந்தது சாப்பு. புனிதன் கொண்டுபோய் அதன்மேல் கவர்மெண்டு சாப்பும் வாங்கி வந்தார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பிறந்த இடத்தைப் பற்றி அவர் சொன்ன உண்மைக்கு நாற்பது வருஷமாகச் சாட்சி கேட்கிறார்கள். பன்றியைப் பற்றி அவர் சொன்ன பொய்க்கு ஒரே நிமிஷத்தில் இரண்டு சாப்பு! அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து மடித்துச் சட்டைப் பையில், சிவப்பு ஐசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

லெட்சுமியும் துரையும் ஒரே விமானத்தில் போனார்கள். அவள் அழுதாள், அவன் கூண்டுக்குள் குரைத்தான். இவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து தனக்கு மட்டும் ஒரு கைப்பிடி அரிசி போட்டார். பேத்தி பிறந்த சேதி போனில்தான் வந்தது. படத்தில் குழந்தையின் தொட்டிலுக்குக் கீழே துரை கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு குந்தியிருந்தான்.

நேர்முகம் அதற்கப்புறம்தான் வந்தது. பதிவு இலாகா கவுண்டரில் தனேஸ்வரி என்று பெயர் குத்திக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண். பழைய கோப்பைப் பொறுமையாகப் புரட்டினாள்.

“அங்கிள், நீங்க இங்கதான் பொறந்தீங்கன்னு யாரு சாட்சி?”

நல்லசாமி நகலை எடுத்து அவள் முன்னால் விரித்தார். “இந்தா பாரும்மா, இது இந்த நாட்டுல பொறந்த நாயின்னு எழுதியிருக்கா? அதுக்கு சாட்சி யாருன்னு பாரு. கையெழுத்து யாருது?”

அவள் படித்தாள். அந்தப் பெயரைப் பார்த்தாள், கோப்பில் இருக்கும் பெயரைப் பார்த்தாள். “நாய்க்கு நீங்க சாட்சி சொல்லலாம் அங்கிள். உங்களுக்கு நீங்களே சொல்ல முடியாது” என்றாள் மெதுவாக. “அந்தக் காலத்துல தோட்டத்துத் தொரை குடுத்த லெட்டர் எதுவும் இல்லையா?”

“தொரை சீமைக்குப் போயிட்டாரும்மா.”

“எப்ப வருவாரு?”

நல்லசாமி நகலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“அவரு ஏம்மா வரப் போறாரு? அவருக்குத்தான் எல்லாத் தாளும் சரியா இருக்கே!”