இடது பின்சக்கரம்

எங்கள் அக்கா பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ரகம். தெருமுனை வரை வந்த பிறகு, "கேஸை அணைச்சேனாடி?" என்று என் கையைப் பிடித்து நிறுத்துவாள். அணைத்திருப்பாள். ஒரு நாள்கூட அணைக்காமல் வந்ததில்லை. ஆனாலும் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். "நம்ம வீட்டுக்குத் திருடன் வரமாட்டான். வந்தா அவனையும் நிக்க வச்சு, பூட்டை ஒழுங்கா உடைச்சியான்னு கேப்பா இவ" என்பார் அவளைக் கட்டிக்கொண்ட எங்கள் மாமா.

இப்படிப்பட்டவள் முப்பத்தொன்பது வயதில் வண்டி ரிப்பேர் பழகப் போகிறேன் என்று நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கு வந்தது. பொய் சொல்வானேன்.

பதினாறு வருடம் பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டியவள் அவள். ஆனால் அந்தக் கை வேறு கை. வீட்டு மிக்சி, தண்ணீர் மோட்டார், மாமாவின் ஓட்டை ஸ்கூட்டர் எதுவானாலும் பாயை விரித்துப் பிரித்துப் போட்டு, ஒரு திருகு மிச்சமில்லாமல் மாட்டிவிடுவாள். நான் ஒரு வண்டிப் பட்டறையில் உதிரிபாகம் கொடுக்கும் ஜன்னலில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வேலை பழக ஆள் எடுக்கிறார்கள், வயது தடையில்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்ததைச் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் காலையில் விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். "ஏண்டி, என்னையெல்லாம் நிஜமாவே எடுப்பாங்களா?" என்று கேட்டாள். எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

எடுத்தார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் இரண்டு வருடப் பயிற்சி, சான்றிதழ். சரிப்படாவிட்டால் வீடு.

முதல் வாரம் லிஃப்டில் தூக்கிய வேனுக்கு அடியில் போகச் சொன்னால், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு போவாள். எதை மாட்டினாலும் நாலு தடவை தொட்டுப் பார்ப்பாள். பட்டறையில் அவளுக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர் விழுந்துவிட்டது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நாள் சொன்னாள்: "வண்டி என் தலையில விழுமோங்கற பயம்கூடப் பரவாயில்லடி. நான் மாட்டினது கழண்டு போய் வேற யாருக்காவது ஆச்சுன்னா? பிஸ்கட் பாக்கெட் சரியா ஒட்டலன்னா பிஸ்கட் நமுத்துப்போகும். அவ்வளவுதான்."

"ரொம்ப யோசிக்காதே" என்றேன். மூளையே இல்லாதவள் போல நான் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அதுதான்.

பட்டறையில் ஒரு முறை உண்டு. சக்கரத்தைக் கழற்றினால் ஐந்து நட்டு. திரும்ப மாட்டும்போது, வண்டி லிஃப்டில் இருக்கும்போதே நட்டைக் கையால் சுற்றிவிட வேண்டும். தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அது கை நீளத்துக்கு ஒரு ரெஞ்ச். போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். ஐந்து டக் கேட்ட பிறகு, பெயிண்ட் பேனாவால் ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரம் வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு. கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் வண்டியை வெளியே விடுவார்கள். இறுக்காமல் கோடு போட்டவர் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று ஃபோர்மேன் சேருகிற நாளிலேயே சொல்லிவிடுவார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசியதை மாற்றுவதும் இல்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அக்கா ஐந்து நட்டையும் இறுக்கிவிட்டு, கோடு போட மறந்துவிட்டாள். சீனியர் மெக்கானிக் பார்த்துவிட்டார். அவருக்கு 'சைலன்சர்' என்று பட்டப்பெயர். அவர் மெதுவாகப் பேசி ஒருவரும் கேட்டதில்லை, அதனால் அந்தப் பெயர். "கோடு எங்கம்மா? கோடு போடறதுக்குத் தனியா ஒரு ஆளை வேலைக்கு வைக்கணுமா?" என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அக்காவின் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு முழுவதும் "கோடு, கோடு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு பள்ளி வேன் வந்தது. பின்பக்க பிரேக்கில் கிறீச்சென்று சத்தம். ஏழே முக்காலுக்குப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும் என்று டிரைவர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். வலது சக்கரத்தை சைலன்சர் எடுத்துக்கொண்டார், இடது சக்கரத்தை அக்கா. பிரேக் ஷூ மாற்றினார்கள். அக்கா சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டையும் கையால் சுற்றிவிட்டாள். வண்டி இன்னும் லிஃப்டில்தான் இருந்தது. சக்கரம் அவள் முகத்துக்கு நேரே நின்றது.

அப்போதுதான் அதைச் செய்தாள். அவசரத்தில் மறுபடியும் கோடு மறந்துவிடுமோ, மறுபடியும் எல்லார் முன்னாலும் திட்டு விழுமோ என்று பயந்து, பேனாவை எடுத்து முதலிலேயே ஐந்து கோட்டையும் போட்டுவிட்டாள். இறக்கியதும் இறுக்கிவிடலாம் என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவளைக் கூப்பிட்டது யார்? நான்தான். பழைய பிரேக் ஷூவைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வந்தாள். போட்டாள். அதோடு விட்டேனா? எதிர்வீட்டுக்காரி குப்பைக்கூடையை எங்கள் வாசலில் வைத்த கதையை ஆரம்பித்தேன். மூன்று நிமிஷம் இருக்கும். அவள் திரும்பிப் போனபோது லிஃப்ட் காலியாக இருந்தது. சைலன்சரே எல்லாவற்றையும் முடித்து அனுப்பிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு டீ வந்தது. அக்கா சும்மா கேட்பது போலக் கேட்டாள். "சார், அந்த வேன்ல இடது பக்கம் நீங்கதானே இறுக்கினீங்க?"

"நான் எதுக்கு இறுக்கறேன்? நீங்கதான் கோடு போட்டிருந்தீங்களே" என்றார் சைலன்சர், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே.

அக்கா என் ஜன்னலுக்கு வந்தபோது அவள் உதட்டில் ரத்தமே இல்லை. விஷயத்தைச் சொன்னாள். நான் வழக்கம்போல, "உனக்கு இதே வேலை. இறுக்கியிருப்பே. கேஸ் கதைதான் இதுவும்" என்றேன்.

"கேஸை அணைச்சது எனக்கு ஞாபகம் இருக்காது. அதனால திரும்பிப் போவேன். இது நல்லா ஞாபகம் இருக்குடி. ஒரு 'டக்'கூட நான் கேக்கல."

அப்போதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? பிள்ளைகள் இல்லை. அக்காவின் வேலை. "ஃபோர்மேன்கிட்ட மூச்சு விடாதே. கோடு விஷயம் தெரிஞ்சா இன்னிக்கே அனுப்பிடுவாரு. நான் டிரைவருக்கு போன் பண்ணி, வேற ஏதாவது சொல்லி நிறுத்தச் சொல்றேன்" என்றேன். போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஏறிவிட்டால் அந்த மனிதர் போனைத் தொடமாட்டார். நல்ல பழக்கம்தான். அன்றைக்கு அந்த நல்ல பழக்கத்தை நான் சபித்தேன்.

இரண்டாவது முறை போட்டுவிட்டு நிமிர்ந்தால் அக்கா ஜன்னலில் இல்லை. ஃபோர்மேன் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், காலைல போன வேன். இடது பின்சக்கரம் இறுக்கல. நான் முதல்லயே கோடு போட்டுட்டேன். என் தப்பு."

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. சைலன்சர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எந்த வழியா போவான்?" என்று மட்டும் கேட்டார்.

கடைத்தெரு வழியாகவும் போகலாம், ரயில்வே கேட் வழியாகவும் போகலாம். "நான் கேட் பக்கம் போறேன். நீங்க ரெண்டு பேரும் கடைத்தெரு. பாத்தா நிறுத்துங்க, வண்டியை நகர விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறினார்.

என் ஸ்கூட்டரில் அக்கா பின்னால் உட்கார்ந்தாள். அவள் விரல்கள் என் தோளில் இறங்கின. கடைத்தெரு முனையில் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். "நிறுத்து, நிறுத்து, அங்க என்னன்னு பாரு" என்று அலறினாள். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். வளைவு தாண்டியதும் எங்கிருந்தோ ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. ஒரு சரக்கு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதற்குமுன் அந்தத் தெருவில் எத்தனை திருப்பம் என்று நான் எண்ணியதே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

மஞ்சள் வேன் ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் நின்றிருந்தது. ஒரு குட்டிப் பெண் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்துவதற்குள் அக்கா குதித்தாள். விழுந்தாள். முழங்கால் தேய்ந்ததுகூடத் தெரியாமல் எழுந்து ஓடி, இடது பின்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

ஐந்து நட்டிலும் கோடு இருந்தது. நட்டில் இருந்த கோடும் சக்கரத்தில் இருந்த கோடும் ஒன்றையொன்று பார்க்காமல் விலகி நின்றன. அக்கா இரண்டு விரலால் ஒரு நட்டைத் தொட்டாள். சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. நாலாவது நட்டு போல்ட்டின் நுனிக்கு வந்திருந்தது. இன்னும் இரண்டு சுற்றில் தெருவில் விழுந்திருக்கும்.

டிரைவர் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கொஞ்ச நேரமா பின்னாடி ஏதோ தடதடன்னு கேட்டுது" என்றார். "பிள்ளைங்க பாட்டு வைக்கச் சொன்னாங்க. சத்தமா வச்சேன். அப்புறம் கேக்கல."

பதினொரு பிள்ளைகளையும் இறக்கி நடைபாதையில் நிறுத்தினோம். ஃபோர்மேனுக்கு போன் செய்தேன். ஏழு நிமிஷத்தில் வந்தார். குனிந்து ஐந்து நட்டையும் பார்த்தார். ரெஞ்சை அக்காவிடம் நீட்டினார்.

"நீங்களே இறுக்கிடுங்க சார். என் கை நடுங்குது."

"நடுங்கட்டும். நீங்க மாட்டின சக்கரம்."

அக்கா இறுக்கினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காதைக் கொடுத்து நின்றார். டக். டக். தெருவில் வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஐந்தாவது டக் வந்ததும் தலையை ஆட்டினார். பழைய கோட்டைத் துணியால் துடைக்கச் சொல்லி, புதுக்கோடு போட வைத்தார். கோணல்மாணலாக ஐந்து கோடு.

"வண்டி போலாமா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அவள் ரெஞ்சை எடுத்து மறுபடியும் ஐந்து நட்டையும் பார்த்தாள். ஐந்து டக். ஃபோர்மேன் மறுபடி கேட்டார். அவள் மறுபடி ரெஞ்சை எடுத்தாள். பிள்ளைகளுக்கு மணி அடித்துவிடும் என்று டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபோர்மேன் அவரைப் பார்த்த பார்வையில் கடிகாரம் சட்டைக் கைக்குள் போய்விட்டது. மூன்றாவது முறையும் ஐந்து டக் கேட்ட பிறகு அக்கா எழுந்தாள்.

"போலாம் சார்" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க. உங்களுக்கும் அந்த சைலன்சருக்கும் சேத்துத் திட்டு பாக்கி இருக்கு. ஒரு மாசம் உங்க சக்கரத்தை அவன் பாக்கணும், அவன் சக்கரத்தை நீங்க பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை உதைத்தார்.

வேன் கிளம்பியது. பட்டறைக்குத் திரும்புவதற்காக நான் ஸ்கூட்டரை வளைத்தேன். அக்கா, "பின்னாலயே போடி" என்றாள். போனேன். என் தோளுக்கு மேல் எட்டி, அந்தச் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் வந்தாள். பள்ளி வாசலில் கடைசிப் பிள்ளை இறங்கி உள்ளே ஓடிய பிறகுதான் என் தோளை விட்டாள். நான்கு நகங்களும் பதிந்திருந்தன.

பிறகு கேட்டாள்: "சாயங்காலம் திருப்பிக் கூட்டிட்டுப் போறதும் இதே வேன்தானே?"

"ஆமா" என்றேன். "மூணரைக்குத்தான் மணி அடிக்கும். நாம மூணு மணிக்கே வந்துடலாம்க்கா."