சாக்பீஸ் பிடித்த கை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைதான் முதலில் பேசும், வாய் அப்புறம்தான். பஸ்ஸில் வேண்டுமென்றே இடித்தவனை ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸால் குத்தியிருக்கிறேன். கிடர்பூர் குவார்ட்டர்ஸில் என் பட்டத்தை அறுத்தவனின் சட்டையைக் கிழித்திருக்கிறேன். "சவத்து மூதி, ஆம்பளப் பயலாப் பொறக்க வேண்டியது தப்பிப் பொறந்துட்டு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பாவுக்கு இந்த வங்காளி ஊர்த் துறைமுகத்தில் உத்தியோகம். காலேஜில் என்னைப் புவியியலில் சேர்த்துவிட்டவர் அவர்தான். "மண்ணு, மழை, மேகம். இதுல யாருகூடச் சண்ட போடுவா?" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. முதல் வருடத்தில் சுற்றுச்சூழல் புவியியல் அறிமுகம் என்று ஒரு பாடம். முதல் வகுப்பன்றே வாசலில் இரண்டு மாணவர் யூனியன்காரர்களும் மோதிக்கொண்டார்கள். நாட்டு வெடிகுண்டு ஒன்று படிக்கட்டில் விழுந்து ஜன்னல் கண்ணாடி அத்தனையும் அதிர்ந்தது. யாரோ ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ரத்தத்தோடு எங்கள் கதவைத் தட்டினான். ஸார் கதவைத் திறந்து அவனை உள்ளே இழுத்து உட்கார வைத்தார், கதவைச் சாத்தினார், விட்ட இடத்திலிருந்து ஓசோன் பாடத்தைத் தொடர்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை. முறைப்படி பாடம் நடந்தாக வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறவன் ஒருவன் இருந்தான். மடிப்புக் கலையாத ஒரே வெள்ளைச் சட்டை. ஸார் கேள்வியை முடிக்குமுன் பதில் வரும். வீடு எங்கே என்று யாராவது கேட்டால் டாலிகஞ்ச் பக்கம் என்பான், அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டான். எனக்குத்தான் தற்செயலாகத் தெரிந்துவிட்டது. ஒருநாள் மழையில் என் ஆட்டோ நாலாப் பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டது. நாலா என்றால் ஊர்ச் சாக்கடையெல்லாம் போய் விழுகிற பழைய கால்வாய். அதன் கரையோரம் நெடுக மூங்கில் தட்டியும் தார்பாலினுமாகக் குடிசைகள். கீழே குழாயடியில் பெண்கள் குடத்தால் ஒருத்தியை ஒருத்தி மொத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் புகுந்து விலக்கியவனின் மண்டையில் ஒரு வாளி இறங்கியது. அவன்தான். அதே வெள்ளைச் சட்டை.

மறுநாள் நெற்றியில் பிளாஸ்திரியோடு என் எதிரே வந்து நின்றான். "தீதி, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். ஒரே வயதுதான், ஆனாலும் தீதி என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான். "தெரிஞ்சா நான் இங்க உக்கார முடியாது. என் அம்மா நாலு வீட்டுல பத்துப்பாத்திரம் தேய்ச்சு என்னை இங்க அனுப்புறா. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புறா."

ஏன் பயப்படுகிறான் என்று எனக்குப் புரிந்தது. ஸார் வகுப்பில் நாலாவைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கரையில் இருப்பவர்களை 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்றுதான் சொல்வார். தண்ணீர் கெட்டதற்கு முதல் காரணம் அவர்கள்தான் என்பார். அவனும் தலை குனிந்து அதை எழுதிக்கொள்வான். எனக்கு எழுந்து அவரோடு சண்டை போடலாம் போலிருக்கும். வாக்குக் கொடுத்துவிட்டேனே, வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

குளிர்காலத்தில் களப்பணி வந்தது. இடம் எது? அதே கரை. தலைவிதியைப் பாருங்கள்! ஸார் அறிவித்தபோது அவன் முகம் சுண்டிப்போயிற்று. லீவு போட்டுத் தொலையேன் என்றேன். களப்பணிக்கு மார்க் உண்டு, மார்க் போனால் உதவித்தொகை போகும் என்றான். "அம்மா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கா" என்றான்.

அவள் பார்த்துக்கொண்ட விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முதல்நாளே கரையில் குடிசை குடிசையாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். நாளைக்குக் காலேஜ்காரர்கள் வருவார்கள், கூட என் பிள்ளையும் வருவான், அவனை உங்களுக்குத் தெரியாது. குழாயடியில் இவள் பிள்ளை மண்டையில் வாளியை இறக்கியவள்கூடச் சரியென்றிருக்கிறாள்.

நாங்கள் இறங்கியபோது கரையே நாடகம் போட்டது. அளவுச் சங்கிலி, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட அளவுக்கழிகள், தண்ணீர் பிடிக்கப் பாட்டில்கள் எல்லாம் எங்கள் கையில். கழிகளின் அடியில் இரும்புப் பூண். ஆண்கள் அவனைப் பார்த்து "வாங்க பாபு" என்றார்கள். பெண்கள் முந்தானைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒரு குட்டிப் பெண் "தாதா!" என்று அண்ணன் முறை சொல்லி அவன் காலைக் கட்ட ஓடிவந்தாள். அவள் அம்மா பாய்ந்து வந்து வாயிலேயே ஒன்று போட்டாள். குழந்தை வீறிட்டது. அவன் திரும்பியே பார்க்கவில்லை, கழியைப் பிடித்த விரல் மட்டும் வெளுத்திருந்தது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஸார் சாக்பீஸை எடுக்கும்வரை. கணக்கெடுக்கக் கேள்வி கேட்ட வீட்டிலேயே மறுபடி கேட்டுவிடக் கூடாது, அதனால் கேட்டு முடித்த வீட்டுக் கதவில் வரிசையாக எண் போட வேண்டும் என்றார். கையெழுத்து நன்றாக இருக்கிறவன் என்று சாக்பீஸை அவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. "எண் வேண்டாம் ஸார்" என்றான்.

"ஏன்?"

"பனியில அழிஞ்சிடும் ஸார்."

"சாயங்காலம் வரைக்கும் இருந்தாப் போதும்பா. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவன் என்னைப் பார்த்தான். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், அவன்தான் சொல்லியிருந்தான். கொஞ்சம் கீழே, வளைவு தாண்டி, முன்பு இதேபோலக் குடிசைகள் இருந்தன. ஒருநாள் யாரோ வந்து கதவுகளில் சாக்பீஸால் எண் போட்டார்கள். அடுத்த வாரம் புல்டோசர் வந்தது. அன்று மறித்து நின்ற அவன் அண்ணனுக்கு லத்தியடியில் முன்பல் போயிற்று. இந்தக் கரையில் கதவில் எண் என்றால் அதற்கு ஒரே பொருள்தான். ஆனால் அதை ஸாரிடம் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். நான் வாயைத் திறந்தேன். அவன் கண்ணாலேயே கும்பிட்டான். பிறகு சாக்பீஸை வாங்கிக்கொண்டான்.

எழுதினான். கரை ஜனங்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. எழுதுவது நம் பிள்ளையல்லவா, அவனுக்குத் தெரியாமலா என்று இருந்துவிட்டார்கள். வேறொருவன் எழுதியிருந்தால் முதல் கதவிலேயே தோலை உரித்திருப்பார்கள்.

அப்படியே அவன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அவன் அம்மா கதவருகே நின்றாள். ஒல்லியான உடம்பு, பாத்திரம் தேய்த்துச் சோடா அரித்த கைகள். அவன் கேட்க வேண்டும், நான் எழுத வேண்டும், ஸார் பக்கத்திலேயே நின்றார்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து, பாபு."

"கழிவெல்லாம் எங்க போகுது?"

"வேற எங்க போகும்? நாலாவுலதான்."

"பிள்ளைங்க எத்தனை பேர்?"

அவள் மகனின் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒண்ணுதான். வேன் ரிக்ஷா ஓட்டுறான்."

நான் 'ஒன்று' என்று எழுதினேன். ஐயோ, என் கை எப்படித்தான் எழுதியதோ! அவன் கதவில் எண்ணைப் போட்டான். அவள் முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனாள். "அழிக்காதீங்கம்மா, அது எங்க கணக்குக்கு" என்றார் ஸார். அவள் கையை இறக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் வந்தான். விடியுமுன் தன் வேனை, பலகை போட்ட மூன்று சக்கர மிதிவண்டியை, எடுத்துப் போனவன், சோற்றுக்குத் திரும்பியிருக்கிறான். முதல் குடிசையிலிருந்தே எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தவன், சொந்தக் கதவைப் பார்த்ததும் நின்றான்.

"எவன் எழுதினான்?"

அவன் எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தம்பியின் விரல்களில் வெள்ளை மாவு.

"நம்ம வீட்டுக் கதவுலயாடா?" என்றான். பல் போன வாயில் அந்த வார்த்தை காற்றோடு வந்தது. அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து, கதவு நிலையில் ஓங்கி அறைந்தான். மறுபடி அறைந்தான். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரியே இருந்தது.

அவ்வளவுதான், கரை வெடித்துவிட்டது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் கல்லாக, செருப்பாக, குடமாக வந்தது. பாட்டில்கள் நொறுங்கின. என்னோடு படித்தவர்கள் பாலத்தைப் பார்த்து ஓடினார்கள். ஒருவனின் பின்மண்டையில் செங்கல் துண்டு விழுந்தது. ஸாரின் கண்ணாடியைப் பிடுங்கி மிதித்தார்கள். "நான் வாத்தியார், நான் வாத்தியார்" என்று அவர் கத்தக் கத்த, நெஞ்சில் உதைத்து நாலாச் சேற்றில் தள்ளினார்கள். எங்கள் சங்கிலியாலேயே ஒரு பெண் அவர் முதுகில் விளாசினாள்.

அண்ணன் தம்பியைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். நான் யோசிக்கவில்லை. என் கை என்றைக்கு யோசித்தது? அளவுக்கழியை இரண்டு கையாலும் தூக்கி, இரும்புப் பூண் பக்கமாக அந்த அண்ணன் தலையில் இறக்கினேன். ரத்தம் புருவம் தாண்டி வழிந்தது. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. அன்று அடிக்காமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

அடுத்த நொடி என் கன்னத்தில் இடி விழுந்தது. அவர்களின் அம்மா. சோடா அரித்த அந்தக் கையால் மாறி மாறி அறைந்தாள். என் சடையைப் பிடித்துச் சுழற்றினாள். "என் பிள்ளைய அடிக்கிறியாடி? என் பிள்ளைய!" என்று அலறினாள். பிறகு தரையில் கிடந்தவன் மேல் விழுந்து மூடிக்கொண்டு, பெரியவனின் காலை நகத்தால் கீறினாள். "ரெண்டு பேரும் என் பிள்ளைங்கதான்டா! எனக்கு ரெண்டு பிள்ளை! ரெண்டு!"

பாலத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. சேற்றிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஸாருக்கும் கேட்டது. ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. அண்ணன் தம்பியின் தொங்குகிற கையைப் பார்த்தான், தொப்பென்று தரையில் உட்கார்ந்து தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். பிறகு எழுந்து தம்பியை இரண்டு கையாலும் அள்ளி வேனில் கிடத்தினான். என்னைப் பார்த்து, "ஏறு, அவன் கையைப் பிடிச்சுக்க" என்றான். நான் ஏறினேன். உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் உடைத்த மண்டையிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட, ஆஸ்பத்திரி வரை அவனே மிதித்து ஓட்டினான். திரும்பிப் பார்த்தபோது பெண்கள் ஈரத்துணியால் கதவுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். (சில வருடம் கழித்து அந்தக் கரையும் இடிபட்டது. அப்போது எண்ணும் போடவில்லை, ஒரு மண்ணும் போடவில்லை.)

வீட்டில் என் வீங்கின கன்னத்தைப் பார்த்து, "கோட்டிக்காரி, ஒனக்கு அங்க என்னட்டி சோலி?" என்று அம்மா அந்தக் கன்னத்திலேயே இன்னொன்று வைத்தாள். மேகத்தைப் படிக்கப் போனவள் மண்டையை உடைத்துவிட்டு வந்திருக்கிறாளே என்று அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

காலேஜில் அவன் பெஞ்ச் காலியாகக் கிடந்தது. வகுப்பு முழுக்க அதே பேச்சு. இத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்தவனைப் பற்றி, "அந்த நாற்றம் எப்பவுமே இருந்துச்சு" என்றாள் ஒருத்தி. அவளைச் சுவரோடு வைத்துக் கழுத்தைப் பிடித்தேன். மூன்று பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். அவன் இனி வரமாட்டான் என்றே நானும் நினைத்தேன்.

வந்தான். கட்டுப் போட்ட கை கழுத்தில் தொங்க, இஸ்திரி போட்ட அதே வெள்ளைச் சட்டையில் வந்து, முதல் பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்துகொண்டாள். ஸார் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அவனைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு முறைப்படி பாடம் நடந்தாக வேண்டுமே. எங்கள் களப்பணித் தாள்களை எடுத்து, வீடு வீடாக வாசித்துப் போர்டில் எழுதத் தொடங்கினார். அவன் வீடு வந்தது.

"குழந்தைகள், ஒன்று" என்று வாசித்தார்.

அவன் எழுந்தான். "ஸார், அது தப்பு."

ஸார் தாளை மறுபடி பார்த்தார்.

"ரெண்டு, ஸார். மூத்தவன் வேன் ஓட்டுறான். சின்னவன் உங்க கிளாஸ்ல படிக்கிறான்."

ஸார் சாக்பீஸோடு அப்படியே நின்றார். அவன் போர்டுக்குப் போய், இடது கையை நீட்டிச் சாக்பீஸைக் கேட்டான். அவர் கொடுத்தார். ஒன்றை அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினான். பழக்கமில்லாத கை, எழுத்து கோணல்மாணலாக வந்தது. எனக்கு அவன் அம்மா அறைந்த கன்னம் மறுபடி எரிந்தது, நான் எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.