ஒன்பது நாள் அணைக்காத கீபோர்டு

1. சுவிட்சுக்குப் போன கை

சைனிக்புரி காலனியிலிருந்து போன் வந்தபோது வழக்கம்போல ஒரே வாக்கியத்தில் முடிக்கப் பார்த்தேன். "சத்தம் வரலையா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"அது மட்டும் நக்கோ, வேண்டாம் மேடம். வேற என்ன சொன்னாலும் செய்யறேன். நீங்க நேர்ல வந்தா நல்லாருக்கும்."

செகந்திராபாத்தில் ஒரு இசைக்கருவிக் கடையில் இருபத்தாறு வருஷம் கீபோர்டு சர்வீஸ் பார்த்தவள் நான். பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். கஸ்டமர் கதை சொல்ல ஆரம்பித்தால் ஆஃப்-ஆன் சொல்லி வாயை அடைத்துவிடுவேன். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும் என்பதால் கடையில் நல்ல பெயர் வேறு. மனுஷன் ஒரு சுவிட்சைத் தட்டக்கூட இப்படிப் பயப்படுகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஆட்டோ ஏறினேன்.

தேவசகாயம் சார் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். வாசலில் செருப்புகள் அணிவகுப்புக்கு நிற்பதுபோல் வரிசையாக இருந்தன. ஹால் மூலையில் டச் ஸ்கிரீன் வைத்த பெரிய வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு. விளக்கெல்லாம் எரிந்தது, கட்டையை அழுத்தினால் சத்தம் இல்லை. வால்யூம் சரி, கேபிள் சரி. என் கை தானாகப் பின்பக்கத்து பவர் சுவிட்சுக்குப் போனது.

சார் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். உடனே விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா. அணைச்சா எஸ்தர் குரல் போயிரும்."

எஸ்தர் அவர் மனைவி. காலனிப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவர். தொண்டையில் கேன்சர், குரல்வளையை எடுத்தாக வேண்டும், இனிமேல் பேச்சு வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள், அந்த அம்மா ஆடியோ இன்புட்டில் மைக்கைச் செருகி, தினமும் வீட்டில் பேசுவதையெல்லாம் கட்டைக்கு ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார். திரும்பி வந்ததும் கட்டையை அழுத்திப் பேசிக்கொள்ளலாம் என்று. பென் டிரைவில் சேமிக்கப் போனால் மெஷின் அதை ஏற்கவில்லை. அந்த மாடலில் பதிவு செய்வதெல்லாம் ராம் என்கிற தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கும், அணைத்தால் மிச்சமில்லாமல் போய்விடும். அதனால் இன்வெர்ட்டர் பாயிண்டில் செருகி, "அணைக்காதீங்க" என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்பது நாளாக எரிகிறது. மறுநாள் டிஸ்சார்ஜ்.

சுவிட்சுக்கும் என் விரலுக்கும் ஓரங்குலம்தான் இருந்திருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

2. லோக்கல் கன்ட்ரோல்

"எதையாவது தொட்டீங்களா சார்?"

"கட்டையைத் தவிர எதையும் தொடவே இல்லை." கொஞ்சம் யோசித்தார். "துடைச்சேன். தினம் காலையில துடைப்பேன். அவ வரும்போது தூசியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"ஸ்கிரீனையுமா?"

"ஸ்கிரீனை ரெண்டு தடவை."

பட்டாளத்துக்காரர் துடைத்தால் லேசாகவா துடைப்பார்? திரையில் குளோபல் பக்கம் திறந்து கிடந்தது. வெளிக்கருவிகளோடு இணைக்கும் மிடி பகுதிக்குப் போனேன். லோக்கல் கன்ட்ரோலுக்கு எதிரே டிக் இல்லை. அது இல்லாவிட்டால் கட்டையை அழுத்தும் தகவல் மிடி வழியாக வெளியேதான் போகும், மெஷினுக்குள் இருக்கும் சத்தத்தை எட்டாது. கம்ப்யூட்டரோடு சேர்த்து வாசிப்பவர்கள் வேண்டுமென்றே எடுத்துவிடும் டிக் அது. இவர் துணியால் எடுத்திருக்கிறார்.

டிக்கைப் போட்டுவிட்டு ஒரு கட்டையை அழுத்தினேன்.

"பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" என்றது ஒரு பெண் குரல். கொஞ்சம் கரகரப்பு, நிறைய அதட்டல். அடுத்த கட்டை: "அந்த டிவியைக் கொறைங்க." அதற்கடுத்தது: "பொய் சொல்லாதீங்க, மூஞ்சியிலயே தெரியுது."

சிரித்துவிட்டேன். திரும்பினால் சார் சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்க நின்றிருந்தார். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன.

பென் டிரைவை வெளியே கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்தால் அந்த மாடல் ஏற்காது. மெஷினிலேயே ஃபார்மட் செய்து, எல்லாவற்றையும் சேமித்தேன். என்னிடமிருந்த பென் டிரைவில் இன்னொரு காப்பி. ஆனால் சேமித்தது சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. அணைத்து, ஆன் செய்து, மறுபடி லோட் செய்ய வேண்டும். எப்படியோ சொன்னேன்.

"நானே அணைக்கிறேன்" என்றார் சார். அணைத்தார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஆன் செய்து, லோட் ஆகும் வரை இருவரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஒரு கட்டையை அழுத்தினார்.

"பிரஷர் மாத்திரை போட்டாச்சா?"

"இல்லை" என்றார் சார். போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

3. ஆடியோ இன்புட்

ஒரு மாதம் கழித்து எஸ்தர் அம்மாவே வரச்சொன்னார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. நோட்டில் எழுதிக் காட்டினார்: "ஒரு ஆக்டேவ், பன்னிரண்டு கட்டை, காலியா இருக்கு. இவர் குரலைப் பதியணும்."

"சாருக்குத்தான் பேச்சு வருதே, எதுக்கும்மா?" என்றேன். என் வாய் எப்போதும் முந்திக்கொள்ளும்.

அவர் எழுதினார்: "எனக்கும்தான் வந்துச்சு."

நான் வேலையை ஆரம்பித்தேன். இன்புட்டை லைனிலிருந்து மைக்குக்கு மாற்றினேன், விசிலடிக்காமல் இருக்க ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தேன், லெவல் சிவப்பைத் தொடாதபடி குறைத்தேன். எல்லாம் தயார். சார் மைக் முன்னால் அட்டென்ஷனில் நின்றார். "என்னம்மா பேசறது?" என்று என்னைக் கேட்டார். "தினம் பேசறதைப் பேசுங்க" என்றேன். "தினம் அவதான் பேசுவா."

எஸ்தர் அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் ரெக்கார்டைத் தட்டினேன். அந்த அம்மா எட்டி ஒரு கட்டையை அழுத்தினார்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். எங்க போயிரப் போறேன்?" என்றார் சார், பழக்கத்தில்.

முதல் பாதியில் எஸ்தர் அம்மாவின் கேள்வியும் சேர்ந்து விழுந்திருந்தது. அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சுவிட்சில் கை வைக்கும் முன்னால், "இதுல என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். பதில் நீளமாக இருந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்காமலே அணைத்த மெஷின்களில் யார் யார் என்னென்ன வைத்திருந்தார்களோ, எனக்குத் தெரியாது.